யப்பானிய மேப்பிள் குறுமரம்: பல்லாண்டு வளர்ப்பும் வேர் புதுப்பித்தலும்

சாடியில் வளரும் குறுமரத்தைக் காண்போர் பலர், அஃது உணவும் நீரும் குறைத்து வளர்ச்சி தடுக்கப்பட்ட மரம் என்று எண்ணுவர். இவ்வெண்ணம் தவறானது. பட்டினி கிடக்கும் மரம் அழகாகக் குறுகுவதில்லை. அதன் நுனிக்கிளைகள் காய்ந்து, பட்டை சுருங்கி, ஈற்றில் மரம் மடிந்துபோகின்றது. யப்பானியர் போன்சாய் எனப் பெயரிட்டு வளர்க்கும் குறுமரம், வேண்டிய நீரும் பசளையும் வெயிலும் பெற்று நலத்துடன் வாழும் மரமேயாகும். கிளையைக் காலமறிந்து நறுக்குவதாலும், வேரைக் காலமறிந்து புதுப்பிப்பதாலுமே அது சிறிய உருவில் நிலைபெறுகின்றது.

இவ்விரண்டினுள் கிளை நறுக்குதல் கண்ணுக்குத் தெரிவதாதலால் அதனை எவரும் கவனிப்பர். வேர் மண்ணுள் மறைந்திருத்தலால் அது மறக்கப்படுகின்றது. பத்து ஆண்டு உழைப்பால் உருவான மரம் ஒரே நாளிற் செய்த வேர்ப் பிழையால் அழிந்துபோதல் கூடும். ஆகவே இக்கட்டுரையில் மேப்பிள் குறுமரத்தின் வளர்ப்பு முறை ஆண்டு வரிசையிற் கூறப்படுவதோடு, சாடி மாற்றுதல் பற்றிச் சற்று விரிவாகவும் எடுத்துரைக்கப்படுகின்றது.

மரத்தின் இயல்பு

யப்பானிய மேப்பிள், யப்பானிலும் கொரியாவிலும் மலைக்காடுகளில் இயற்கையாக வளரும் மரமாகும். ஏசர் பாமேற்றம் என்பது அதன் தாவரவியற் பெயர். காட்டில் அது பெரும்பாலும் 6 முதல் 10 மீற்றர் வரை உயரும். இலை உள்ளங்கை போல 5 அல்லது 7 பிளவுகளை உடையது. மேப்பிளைக் குறிக்கும் கயெதே என்னும் யப்பானியச் சொல், தவளையின் கை என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்ததாகும். இலையின் வடிவைக் கண்டோர்க்கு அப்பெயரின் பொருத்தம் நன்கு விளங்கும்.

இம்மரத்துக்கு இன்று வழங்கும் தாவரவியற் பெயரை 1784ஆம் ஆண்டில் வெளியிட்டவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாரான காள் பீற்றர் துன்பேர்க் என்பவராவர். இவர் 1775, 1776 ஆகிய ஆண்டுகளில் யப்பானில் தங்கித் தாவரங்களைச் சேகரித்தார்; தாயகம் திரும்பும் வழியில் 1777ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து இங்குள்ள தாவரங்களை ஆராய்ந்தார் என்பது நம் நாட்டவர் அறியத்தக்கது.

வளர்ப்போர் மனத்திற் கொள்ளவேண்டிய இயல்புகள் மூன்று.

1. இது குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் மரம். கோடையில் இலைகள் ஆக்கிய உணவு மாப்பொருளாக மாறி வேரிலும் அடிமரத்திலும் சேமிக்கப்படும். இளவேனிலில் முதல் இலைகள் விரிவது இச்சேமிப்பைக் கொண்டேயாம்.

2. இதன் அரும்புகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்துள்ளன. ஆதலின் ஒரு நுனியை நறுக்கினால் அங்கிருந்து இரு கிளைகள் தோன்றும்.

3. இதன் இலை மெல்லியது. கோடைப் பிற்பகல் வெயிலாலும் வறண்ட காற்றாலும் இலை ஓரங்கள் எளிதிற் கருகும்.

குறுமர வளர்ப்புக்குப் பெயர்பெற்ற இடம் தோக்கியோவுக்கு வடக்கே, சயித்தாமா மாகாணத்திலுள்ள ஓமியா என்னும் ஊராகும். 1923ஆம் ஆண்டு நிகழ்ந்த பெரும் பூமிநடுக்கத்தின் பின்னர், தோக்கியோவில் இருந்த குறுமர வளர்ப்பாளர் சிலர் நல்ல மண்ணும் நீரும் காற்றும் பரந்த நிலமும் நாடி அங்கே குடியேறினர். 1925ஆம் ஆண்டு அவர்களால் அமைக்கப்பட்ட குறுமரக் கிராமம் இன்றும் உள்ளது. கீழே கூறப்படும் மாதக் கணக்கு அப்பகுதியின் காலநிலையைத் தழுவியது.

முதல் இரண்டு ஆண்டுகள்: வேர் அமைத்தல்

மேப்பிளை விதையாலும், தண்டுத் துண்டாலும், விண்பதியத்தாலும் இனம்பெருக்கலாம். விதை முளைப்பதற்கு முன் ஏறக்குறைய 3 மாதம் ஈரத்தோடு கூடிய குளிரில் இருத்தல் வேண்டும். இலையுதிர்காலத்திற் சேகரித்த விதையை ஈர மணலிற் கலந்து குளிரில் வைத்து, இளவேனிலில் விதைப்பது வழக்கம்.

நாற்று ஓர் ஆண்டு வளர்ந்த பின், அடுத்த இளவேனிலில் அரும்பு விரியுமுன் அதனைப் பெயர்த்து, நேராகக் கீழிறங்கும் ஆணிவேரை நறுக்கிவிடல் வேண்டும். இது செய்யாவிடின் ஆணிவேர் ஒன்றே பருத்து, பக்கவேர்கள் மெலிந்துவிடும். பின்னர் அம்மரத்தை ஆழமற்ற சாடியில் அமர்த்த இயலாது. ஆணிவேர் நீங்கிய கன்றின் பக்கவேர்களை ஆரைகள் போல் நாற்புறமும் பரப்பி, அதன் கீழே தட்டையான ஓடு அல்லது பலகையை வைத்து நடுவர். கீழே செல்ல வழியின்மையால் வேர்கள் பக்கமாக ஓடும். பல்லாண்டின் பின் அடிமரம் தரையைப் பற்றி நிற்பதுபோன்ற தோற்றம் இவ்வேர்களாலேயே அமைவதாம்.

விண்பதியம் என்பது, மரத்திலுள்ள கிளையின் பட்டையை வளையமாக நீக்கி, அவ்விடத்தில் ஈரப்பாசியைக் கட்டி வேர்விடச் செய்தலாகும். வளையத்தின் அகலம் கிளையின் விட்டத்திலும் சற்று மிகுந்திருத்தல் நன்று. மாறிழையத்தை முற்றாகச் சுரண்டிவிடல் வேண்டும். சிறிது எஞ்சினும் பட்டை மீண்டும் கூடிவிடும், வேர் தோன்றாது. இலைகள் முற்றிய பின் மே மாத இறுதியிலோ யூன் மாதத்திலோ இதனைத் தொடங்குவர். வேர்கள் பாசியை நிறைத்த பின்னரே கிளையைப் பிரித்தல் வேண்டும்.

மூன்றாம் ஆண்டு முதல் ஏழாம் ஆண்டு வரை: அடிமரம் பருத்தல்

புதியோர் பெரும்பாலும் தவறிழைப்பது இக்காலத்திலேயாம். பென்சில் பருமனுள்ள கன்றை வாங்கியவுடன் அழகிய சிறு சாடியில் நட்டுவிடுவர். அக்கன்று பத்து ஆண்டு கழிந்தும் பென்சிலிலும் அதிகம் பருக்காது. அடிமரம் பருப்பது மேலேயுள்ள இலைத்தொகையைப் பொறுத்தது. இலைகள் மிகுந்தால் உணவு மிகும்; உணவு மிகுந்தால் மாறிழையம் ஆண்டுதோறும் தடித்த மரப்படையை இடும். ஆகவே இக்காலத்தில் மரத்தை நிலத்திலோ அகன்ற பெட்டியிலோ நட்டுத் தாராளமாக வளரவிடல் வேண்டும்.

அடியிலுள்ள கிளை ஒன்றை நறுக்காது நீளவிட்டால் அதற்குக் கீழுள்ள அடிமரம் விரைவிற் பருக்கும். இது வேண்டிய பருமன் வந்தபின் நீக்கப்படும் வளர்ப்புக்கிளையாகும். நிலத்தில் வளரும் மரத்தையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பெயர்த்து, தடித்த வேர்களைக் குறுக்கி மீண்டும் நடல் நன்று.

அடிமரம் வேண்டிய பருமன் அடைந்ததும் அதனைத் தாழ வெட்டி, கீழுள்ள ஓர் அரும்பைப் புதிய தலைக்கிளையாக வளர்ப்பர். அதுவும் பருத்தபின் மீண்டும் வெட்டப்படும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்வதால் அடிபருத்து நுனிசிறுத்த இயற்கையான வடிவம் கிடைக்கின்றது. மேப்பிளின் வெட்டுவாய் கீழ்நோக்கிக் காயும் இயல்புடையது. ஆதலால் அரும்புக்கு மேல் சிறிது கட்டையை விட்டு வெட்டி, அது காய்ந்தபின் சீராக்கிக் காயப்பசை பூசுதல் வேண்டும். குளிர்கால இறுதியில் பெரிய கிளைகளை வெட்டினால் சாறு பெருகி ஒழுகும். இலையுதிர்ந்த உடனேயோ, முதல் இலைகள் முற்றிய பின்னரோ வெட்டுவதே நன்று.

எட்டாம் ஆண்டு முதல்: கிளை அமைத்தலும் நுண்கிளை பெருக்கலும்

அடிமரம் அமைந்தபின் முதன்மைக் கிளைகள் தெரிந்தெடுக்கப்படும். ஒரே இடத்தில் மூன்று நான்கு கிளைகளை விட்டுவைத்தால் அவ்விடம் முடிச்சுப் போல வீங்கும். ஆகவே ஒரு கணுவில் இரண்டுக்கு மேற்பட்டவை இருத்தலாகாது. அடிமரத்தில் எதிரெதிரே தோன்றும் இரண்டினுள்ளும் ஒன்றை நீக்கி, இடமும் வலமும் மாறிமாறி அமையச் செய்வர்.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றப்படும். மேப்பிளின் பட்டை மென்மையானது. வளரும் காலத்திற் கம்பி பட்டையிற் பதிந்துவிட்டால் அத்தழும்பு பல்லாண்டு மறையாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, இறுகத் தொடங்கியதும் கம்பியைத் துண்டுகளாக நறுக்கி அகற்றல் வேண்டும்.

கிளையைப் பருக்கவைக்கும் காலத்தில், தளிர் பல கணுக்கள் நீளும்வரை விட்டுப் பின் ஒன்றிரண்டு கணுவுக்கு நறுக்குவர். கிளை முதிர்ந்து நுண்கிளையே வேண்டப்படும் காலத்தில், இளவேனிலில் முதற் சோடி இலைகள் விரியும்போதே அவற்றிடையே தோன்றும் மென்தளிரைக் கிள்ளிவிடுவர். இதனாற் கணுவிடைகள் குறுகும். முதிர்ந்த மரத்துக்கு முதல் இலைகள் முற்றுமுன் பசளை இட்டால் கணுவிடைகள் நீண்டு இலைகள் பெருக்கும். ஆதலால் இலை முற்றிய பின்னரே பசளை இடப்படும். யப்பானியர் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதையின் பிண்ணாக்கை உருண்டையாக்கி மண்மேல் வைப்பது வழக்கம். பிண்ணாக்கின் பயனை நன்கறிந்த நம் கமக்காரருக்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது.

யூன் மாதத்தில் இலைகளைக் காம்பு மட்டும் எஞ்ச நறுக்கிவிட்டால், சில வாரங்களிற் சிறிய புதிய இலைகள் தோன்றும். இது மரத்தின் சேமிப்பைச் செலவிடும் செயலாகும். நலிந்த மரத்துக்கும், அவ்வாண்டிற் சாடி மாற்றிய மரத்துக்கும் இதனைச் செய்தலாகாது.

சாடி மாற்றுதல் ஏன்?

நீரையும் உப்புக்களையும் உறிஞ்சுவன தடித்த வேர்களல்ல. இளம் வேர்நுனிகளும் வேர்மயிர்களுமேயாம். சாடியில் இரண்டு மூன்று ஆண்டு கழிந்ததும் வேர்கள் சுவரைச் சுற்றிச் சுருண்டு, புதிய நுனிகள் தோன்ற இடமற்றுப்போகும். மண்மணிகள் உடைந்து சேறாகும். அவற்றிடையே இருந்த காற்றிடைவெளிகள் அடைபடும். வேரும் சுவாசிக்க வேண்டுமாதலால் காற்றில்லாத மண்ணில் அது அழுகும். மேலே கிளைநுனிகள் காய்வது இதன் பின்னரே தெரியவரும்.

நீர் ஊற்றியதும் மண் உறிஞ்சாது மேலே தேங்கிநிற்றல், மரம் சாடியின் விளிம்புக்கு மேல் எழும்பியிருத்தல், வடிதுளையில் வேர் தோன்றுதல் ஆகியன சாடி மாற்றும் காலம் வந்தமைக்கு அறிகுறிகளாம். இளமரங்களுக்கு ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறையும், உருவமைந்த மரங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், மிக முதிர்ந்தவற்றுக்கு அதனினும் இடைவெளி விட்டும் சாடி மாற்றுவர். ஆண்டுக்கணக்கிலும் அறிகுறியே முதன்மையானது.

காலம்

அரும்புகள் பருத்துச் சிவந்து, இன்னும் விரியாத நிலையே தக்க காலம். ஓமியாப் பகுதியில் இது பெரும்பாலும் மார்ச்சு மாதத்தில் அமையும். அந்நிலையில் சேமித்த மாப்பொருள் மரத்துள் நிறைந்திருக்கும். நீரை ஆவியாக வெளியிடும் இலைகள் இன்னும் இல்லை. வேர் வளர்ச்சியும் தொடங்கும் தறுவாயில் இருக்கும். ஆகவே வேரிழப்பை மரம் தாங்கிக்கொள்கின்றது.

இதற்கு மாறாகச் செய்வதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பன்னிரண்டு ஆண்டு வளர்த்த மரம் ஒன்று. மே மாதத்தில் இலைகள் யாவும் விரிந்து நிற்கின்றன. நீர் மண்ணில் தேங்குவதைக் கண்ட வளர்ப்பாளர், உடனே மரத்தைப் பெயர்த்து மண்ணைக் கழுவி வேரிற் பாதியை நறுக்கிப் புதிய சாடியில் அமர்த்துகின்றார். அவர் செய்த வேலை செம்மையானதே, காலமே பிழையானது. இலைகள் முன்போலவே நீரைக் கேட்கின்றன. கொடுக்க வேர்நுனிகள் இல்லை. சில நாட்களில் இலைகள் சுருளுகின்றன. வாட்டம் கண்டவர் மேலும் நீரை ஊற்றுகின்றார். வெட்டுண்ட வேர்கள் அழுகுகின்றன. இளவேனிலில் இலை விரிக்கச் சேமிப்பும் செலவாகிவிட்டமையால் மரம் மீண்டும் தளிர்க்க வலியற்றுப்போகின்றது.

இத்தகைய நிலையில் செய்யத்தக்கது வேறு. வேரை நறுக்காமலும் வேர்க்கட்டியைக் குலைக்காமலும் மரத்தைச் சற்றுப் பெரிய சாடியிற் பருமணி மண்ணிட்டு வைத்தல் வேண்டும். தேங்கிய மண்ணில் மூங்கிற் குச்சியாற் சில துளைகள் இட்டு நீர் வடியவும் செய்யலாம். முழு வேலையை அடுத்த மார்ச்சு வரை ஒத்திவைத்தலே அறிவுடைமை.

மண்

யப்பானில் அக்கதாமா எனப்படும் மண் இதற்குப் பயன்படுகின்றது. இஃது எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான செங்களி மணியாகும். ஏறக்குறைய 7 பங்கு அக்கதாமாவுடன் 3 பங்கு ஆற்றுக் குருமணலோ எரிமலைக் கல்மணியோ கலப்பர். மணிகள் 2 முதல் 5 மில்லிமீற்றர் வரை இருத்தல் நன்று. தூளை அரிதட்டால் முற்றாக அரித்து நீக்குதல் வேண்டும்.

ஆழமற்ற சாடிக்குப் பருமணி மண் ஏன் வேண்டும் என்பதை எளிதில் அறியலாம். நீரில் நனைத்த நீண்ட பஞ்சுத்துண்டு ஒன்றைப் படுக்கையாகப் பிடித்தால் நீர் சிறிதே வடியும். அதனையே நிமிர்த்திப் பிடித்தால் மேலும் வடியும். உயரம் குறைந்தால் தேங்கும் நீர் மிகும் என்பது இதன் பொருள். தட்டையான சாடி படுக்கையாகப் பிடித்த பஞ்சை ஒத்தது. தோட்டத்து மண்ணை அதில் இட்டால் அடிமுதல் மேல்வரை நீர் நிறைந்து வேர் மூச்சற்றுப்போகும்.

செய்முறை

1. முதல் நாள் நீர் குறைத்து மண்ணைச் சற்று உலரவிடுக. புதிய சாடியின் வடிதுளைகளில் வலைத்துண்டை அமைத்து, மரத்தைக் கட்டுதற்குரிய கம்பிகளைத் துளைவழியே முன்னரே செலுத்திவைக்க.

2. மரத்தைப் பெயர்த்து, வளைமுனைக் கொளுக்கியால் வேர்க்கட்டியின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி வேர்களைச் சிக்கெடுக்க. இழுத்துக் கிழித்தலாகாது.

3. கீழ்நோக்கிச் செல்லும் தடித்த வேர்களை முதலிற் குறுக்குக. ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுபவற்றையும், அடிமரத்தைச் சுற்றி நெரிப்பவற்றையும் நீக்குக. பின்னரே நுண்வேர்களை ஓரமாக நறுக்குக. நலமுள்ள மரத்தில் மொத்த வேரில் மூன்றிலொரு பங்கு நீக்கலாம். முதிர்ந்த மரத்தில் அதனிலும் குறைவாக நீக்குக. வெட்டு கூரிய கருவியால் வழவழப்பாக அமைதல் வேண்டும்.

4. வேலை நடைபெறும்போது வேர் உலரக்கூடாது. அடிக்கடி நீர் தெளிக்க. காற்றும் வெயிலும் படாத இடத்திற் செய்க.

5. சாடியில் மண்ணைச் சிறு குவியலாக இட்டு, அதன்மேல் மரத்தை அமர்த்தி இருபுறமும் மெல்லத் திருப்பி அழுத்துக. அடியில் வெற்றிடம் இராது. பின் கம்பியால் உறுதியாகக் கட்டுக. அசையும் மரத்தின் புதிய வேர்நுனிகள் முறிந்துவிடும்.

6. மண்ணை இட்டு மூங்கிற் குச்சியால் வேர்களிடையே புகுத்துக. குத்தி நசுக்கலாகாது.

7. நுண்துளைப் பூவாளியால், வடியும் நீர் தெளியும்வரை ஊற்றுக.

பின்பராமரிப்பு

சாடி மாற்றிய மரத்தை இரண்டு மூன்று வாரம் காற்றும் உறைபனியும் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். மேல்மண் உலரத் தொடங்கிய பின்னரே மீண்டும் நீர் ஊற்றுக. வேர் குறைந்த மரம் குறைவாகவே நீர் உண்ணும். ஒரு மாதத்துக்கு மேல் சென்று, இலைகள் நன்கு விரிந்த பின்னரே பசளை இடுக. கோடையிற் பிற்பகல் நிழல் கொடுக்க. குளிர்காலத்தில் வேர்கள் கிளைகளிலும் எளிதாகக் குளிராற் பாதிக்கப்படும் ஆதலாற் சாடியைக் கடுங்குளிருக்கு மறைவாக வைக்க.

ஓராண்டில் ஒரு பெருவேலை என்பதை விதியாகக் கொள்ளல் வேண்டும். வேரை நறுக்கிய ஆண்டில் இலையை முற்றாக நறுக்காதிருத்தலும், அடிமரத்தைத் தாழ வெட்டிய ஆண்டில் வேரைப் பெரிதும் தொடாதிருத்தலும் நன்று.

நம் நாட்டவர் கொள்ளத்தக்கது

யப்பானிய மேப்பிள் இலங்கையின் தாழ்நாட்டுக்கும் வரண்ட வலயத்துக்கும் உரிய மரமன்று. நீண்ட குளிர்கால உறக்கம் இன்றி அது பல்லாண்டு நலத்துடன் வாழாது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அதனை வாங்கி நடுவோர் பணத்தையே இழப்பர். எனினும் அதன் வளர்ப்பிற் கண்ட நெறி நமக்கும் உரியது. பொலித்தீன் உறைகளிற் காலம் கடந்து நின்ற கன்றுகளின் வேர்களைப் பார்ப்போர், அவை அடியிற் சுருண்டு கிடப்பதைக் காண்பர். அவ்வாறே குழியில் நட்டால் மரம் வளர்ந்தும் வேர் பரவாது. பெருங்காற்றில் அது சாய்தலும் கூடும். உறையை முற்றாக அகற்றி, சுருண்ட வேர்நுனிகளை நறுக்கி, மாரி மழை தொடங்கும்போது நடுதல் மேப்பிள் வளர்ப்பாளன் மார்ச்சு மாதத்திற் செய்யும் வேலையை ஒத்ததாகும்.

மாதத்தைப் பின்பற்றுதல் வேண்டா. காரணத்தைப் பின்பற்றுதலே வேண்டும். இலையின் தேவை குறைந்து, வேர் வளரும் ஆற்றல் மிகுந்திருக்கும் காலத்தில் வேரைத் தொடுக. இதனை அறிந்தவன் கையில் நூறாண்டு மரமும் ஆழமற்ற சாடியில் இளவேனில்தோறும் புதுத்தளிர் விடும்.